கையுறை என்று கேட்டது நான்தான்

எனக்கு ஒரு டாக்டரைப் பழிவாங்க வேண்டும். கோபம் ஆறிய பிறகு எழுதினால் நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் போவதில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

எழுதுகிறேன் என்பது கொஞ்சம் அதிகம். போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுத்தாகிறது, பிழையை வேறு ஆட்கள் திருத்துகிறார்கள். என் படிப்பு தாராவி முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றது. வாத்தியார் என்னை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பத்தான் செய்தார். நான் அங்கே போய்ச் சேரவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு சினிமா போஸ்டரை நான் வாசித்து முடிப்பதற்குள் அதன் மேல் அடுத்த படத்தை ஒட்டிவிடுவார்கள்.

தொழில், தோல் பை செய்யும் கார்கானாவில் ஒட்டு வேலை. சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும், ஓரத்துக்குக் கலர் அடிக்க வேண்டும், கையில் பிடித்ததைத் தின்னர் ஊற்றிக் கழுவ வேண்டும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்பவர் என் காக்கா. அண்ணனை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னைவிடப் பத்து வருடம் முன்னால் இதில் இறங்கியவர். அந்தப் பத்து வருடமும் அவர் கையில் தெரியும். தோல் தடித்து, வெடித்து, மழைக்காலத்தில் ரத்தம் கசியும். சோற்றைப் பிசையும்போது ரசம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நாங்கள் பார்க்கக் கூடாதாம்.

அந்தக் கைக்கு ஒரே மருந்து, வேலை நேரத்தில் ஐந்து விரலையும் மூடி மாட்டுகிற ரப்பர் ஹாத்மோஜா போடுவது. மராத்திக்காரர்களிடமிருந்து வந்த சொல். எங்கள் சந்தில் தமிழும் இந்தியும் மராத்தியும் பேசுகிற எல்லாருக்கும் அது ஹாத்மோஜாதான். வெளிநாட்டில் பை வாங்கும் கம்பெனி கேட்டுக்கொண்டது என்று எங்கள் முதலாளி எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார். போட்டுக்கொண்டு வேலை செய்தோம். காக்காவின் கை கொஞ்சம் கொஞ்சமாக மனிதக் கை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர். வீடு மாட்டுங்காவில், நன்றாகத் தமிழ் பேசுவார். தோல் வேலை செய்கிறவர்களின் கைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், சந்து சந்தாகப் போய்த் தமிழில் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றார். முதலாளி யோசிக்கவே இல்லை, என்னைக் கைகாட்டிவிட்டார்.

"இவரக் கூட்டிட்டுப் போங்க டாக்டர் சாப். வேலதான் செய்ய மாட்டாரு. வாயி நல்லாச் செய்யும்."

டாக்டர் என் கழுத்தில் நாடா போட்ட ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். அதில் என் போட்டோ, கீழே இங்கிலீஷில் என்னமோ. அதற்கு 'இவரிடம் எதையும் நம்பிக் கொடுக்காதீர்கள்' என்று அர்த்தமாக இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அதைப் போட்டுக்கொண்டு தேவையே இல்லாமல் நான்கு தடவை எங்கள் சந்தில் நடந்தேன். குளிக்கும்போது மட்டும் கழற்றினேன் என்று என் பெண்டாட்டி சொல்வாள். அதுவும் பொய், பாதி நாள் நான் குளிக்கவில்லை.

கேள்விகளை அவர் வாசிக்க வாசிக்க நான் மனப்பாடம் செய்தேன். இங்கிலீஷில் இருந்ததை யாரோ புத்தகத் தமிழில் மாற்றியிருந்தார்கள். "தங்கள் உடலில் அரிப்பு உள்ளதா? எப்பகுதியில்?" இது நான்காவது. அடுத்தது ஐந்தாவது. என் வாழ்க்கையைக் கெடுத்த கேள்வி.

"தாங்கள் பணியின்போது கையுறை அணிகிறீர்களா?"

இப்போது இதை வாசிக்கிறவர்கள் 'இதில் என்ன குழப்பம்?' என்று நினைப்பீர்கள். நீங்கள் படித்தவர்கள். எங்கள் சந்தில் 'உறை' என்ற சொல் ஒரே ஒரு வழியாகத்தான் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு முன்னால் பல வருடமாக எய்ட்ஸ் நோட்டீஸ் கொடுக்கத் தொண்டு நிறுவனத்துப் பெண்கள் வருவார்கள். ஆணுறை, ஆணுறை என்று தமிழில் பெரிசாக அச்சடித்திருக்கும். சும்மா கையிலும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த நோட்டீஸை நான் எழுத்துக் கூட்டி முழுசாக வாசித்திருக்கிறேன், என் வாழ்நாளில் நான் வாசித்து முடித்த ஒரே இலக்கியம் அது. ஆகவே உறை என்றால் அது. கையுறை என்றால் கையில் சும்மா கொடுக்கிற உறை. அதற்கு முந்தின கேள்வி வேறு, அரிப்பு எந்தப் பகுதியில் என்று. எனக்குச் சந்தேகமே வரவில்லை.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கழுத்தில் அட்டை தொங்குகிறவன் சந்தேகம் கேட்பானா?

கார்கானா கார்கானாவாகப் போனேன். நான்கு கேள்வியைச் சத்தமாகக் கேட்பேன். ஐந்தாவது வந்ததும் பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குனிந்து, காதோடு கேட்பேன். கூடவே கண்ணையும் சிமிட்டினேன். அது கேள்வித்தாளில் இல்லை, நானாகச் சேர்த்தது.

"பணியின்போது கையுறை அணியிறீகளா?"

"என்னது?"

"உறைவே. அந்த உறை. வேல நேரத்துல."

"வேல நேரத்துலயா? ஏம்வே, எங்களப் பாத்தா உமக்கு எப்படித் தெரியுது?"

ஒருத்தர் செருப்பைத் தேடினார். ஒருத்தர் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று எழுந்தே போய்விட்டார். தாடி வைத்த ஒரு பெரியவர், "நம்ம மார்க்கத்துல இதெல்லாம் கூடாது, போய்ச் சொல்லு அந்த டாக்டர்கிட்ட" என்று என்னைப் படியிறங்க வைத்தார். கடைசியில் காக்காவிடமும் கேட்டேன். எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு.

"ஏல மூதி, கூடப்பிறந்தவங்கிட்ட கேக்குற கேள்வியால இது?"

"எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு காக்கா. ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"இல்லல! இல்ல! எழுதிக்கோ!"

இப்படிச் சொன்ன காக்காவின் இரண்டு கையிலும் அப்போது ஹாத்மோஜா இருந்தது. சத்தியமாக. அந்த ஹாத்மோஜாவோடுதான் என் முதுகில் ஒன்று வைத்தார். நான் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன். பெருக்கல் குறி போட எனக்குப் படிப்பு போதும்.

தினமும் சாயங்காலம் டாக்டரிடம் தாள்களைக் கொடுப்பேன். "வேற ஏதாவது சொன்னாளா பாய்?" என்று கேட்பார். நானும் ஒளிக்காமல், "அஞ்சாவது கேள்விக்கு மட்டும் கோவப்படுதாங்க டாக்டர் சாப். மார்க்கத்துல கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரு" என்பேன். அவர் புருவத்தைத் தூக்கி, "இன்ட்ரஸ்டிங்" என்று ஓரத்தில் எழுதிக்கொள்வார்.

ஒரே ஒரு நாள் எங்கள் கார்கானாவுக்கே வந்தார். கைக்குட்டையை விரித்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அவர் தலைக்கு மேலே கம்பியில் கழுவிக் காயப்போட்ட ஹாத்மோஜாக்கள், மாட்டு மடி மாதிரி வரிசையாகத் தொங்கின. ஒன்றிலிருந்து அவர் சட்டையில் சொட்டியது. நிமிர்ந்து பார்த்தார். தள்ளி உட்கார்ந்தார். சாய் குடித்தார். போனார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு நாள் ஹாத்மோஜா கிழிந்து புதுசு கேட்டபோது முதலாளி இல்லை என்றார். கிழிந்ததையே போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டினோம், காக்காவின் கை மறுபடி வெடித்தது. திரும்பக் கேட்டபோது இனிமேல் கிடையாது என்றார். காக்கா காரணம் கேட்டார்.

"நீங்கதான் போட மாட்டீகளாமே. பெரிய டாக்டரு எழுதியிருக்காரு. உலகமே படிச்சிருக்கு."

மேஜை டிராயரிலிருந்து ஒரு பிரிண்டை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து பரிசோதிக்க வருகிறவர்கள் 'தொழிலாளிக்கு ஹாத்மோஜா எங்கே' என்று கேட்டால் இதை நீட்டிவிடுவாராம். அவர்களும் வாசித்துவிட்டு, பாவம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று போய்விடுவார்களாம். எங்கள் தெருவில் ஆராய்ச்சியால் பலன் அடைந்த ஒரே மனிதர் அவர்தான்.

அந்தக் காகிதத்தை போனில் படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் மகள் காலேஜில் படிக்கிறாள். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் அவளுக்கும் எனக்கும் ஒரே தரம். அவள் வாசித்து, பாதி இந்தியில் பாதி தமிழில் சொன்னாள்.

"வாப்பா, மத்லப், இங்க கேட்ட வர்க்கர்ஸ்ல முக்காவாசி பேரு கிளவுஸ் போடுறது இல்லன்னு சொன்னாங்களாம். கேட்டா கோவம் வருதாம். சில பேரு ரிலிஜியஸ் ரீசன் சொன்னாங்களாம்."

"கிளவுஸா? அவரு கிளவுஸப் பத்திக் கேக்கவே இல்லயே."

"கேட்டிருக்காரே. கொஸ்டின் நம்பர் ஃபைவ்."

ஐந்தாவது கேள்வியை மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். மகளுக்குக் கையுறை என்ற தமிழ்ச் சொல்லும் தெரியவில்லை. போனில் போட்டுப் பார்த்தாள். திரையில் இரண்டு ரப்பர் கைகள் வந்து நின்றன.

"வாப்பா... நீங்க என்னன்னு நெனச்சு கேட்டீங்க?"

மகளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். முதலில் வாயைப் பொத்தினாள், அப்புறம் பாயில் விழுந்து உருண்டாள். சமையல் கட்டிலிருந்து பெண்டாட்டி ஓடி வந்தாள், அவளிடமும் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தால், மூலையில் காக்கா விரல் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ஒன் வாயால என் கை போச்சு" என்றார்.

மகள் டாக்டரின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு பக்கம் உண்டாம். மேலே போட்டோ, கீழே அவர் எழுதிய கட்டுரைகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எண். எங்கள் கைகளைப் பற்றியதுதான் உச்சியில் இருந்தது.

"இந்த நம்பரு என்ன?"

"சைட்டேஷன். இவரு சொன்னத எத்தன பேரு அவங்க பேப்பர்ல எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு கவுண்ட். இது ஜாஸ்தியானா பெரிய ஆளு."

"ஒருத்தன் சொன்னத இன்னொருத்தன் சொல்லுதான், அத வேறொருத்தன் சொல்லுதான். அப்போ இது புறணிதானே?"

"புறணி இல்ல வாப்பா. சயின்ஸ்."

"எடுத்துச் சொன்னவன்ல எவனாவது இங்க வந்து பாத்தானா?"

"அதெல்லாம் பாக்க மாட்டாங்க. பேப்பரப் பாப்பாங்க."

அந்தப் புறணிக்காரர்களை ஒவ்வொருவராகத் திறக்கச் சொன்னேன். டாக்டர் எழுதியது, நாங்கள் கேட்ட ஆட்களில் பெரும்பாலோர் இல்லை என்றார்கள் என்று. அடுத்தவர் அதை, இந்தத் தொழிலாளர்கள் அணிவதில்லை என்று ஆக்கியிருந்தார். அதற்கடுத்தவர், அணிய மறுக்கிறார்கள் என்று. ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர், இந்தச் சமூகத்தில் கையுறைக்குக் கலாச்சாரத் தடை இருக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதியிருந்தார். அந்தப் பெரியவர் என்னைப் படியிறக்கிய ஒரு வார்த்தை கப்பல் ஏறிப் போய்க் கலாச்சாரமாகிவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்டை போட இல்லை. என் தப்பைச் சொல்லத்தான் போனேன். அந்த நேரம்வரை என் பழியெல்லாம் என் மேல்தான் இருந்தது.

டாக்டர் உட்கார வைத்தார். முழுசாகச் சொன்னேன். ஒரு கணம் அவர் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினார். அப்புறம் முகம் மாறிவிட்டது.

"பாய், அது பிரிண்ட் ஆயிடுத்து. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல."

"தப்பு டாக்டர் சாப். காக்கா கை மறுபடியும் வெடிக்குது. ஒத்த வரி மாத்தி எழுதுங்க."

"அப்படியெல்லாம் வரி மாத்த முடியாது. எத்தனை பேர் அதை வெச்சு எழுதியிருக்கா தெரியுமா?"

"நீங்களே பாத்தீங்களே. ஒங்க தலைக்கு மேலதானே தொங்குச்சு. சட்டையில கூடச் சொட்டுச்சே."

அவர் பேனாவை மூடினார். "நான் பாத்ததை எழுதப்படாது பாய். கேட்டதைத்தான் எழுதணும். அதுதான் மெதட்."

அங்கேதான் பழி இடம் மாறியது. நான் முட்டாள், ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் கேட்டேன். இவர் தெரிந்தே எழுதியிருக்கிறார். என் முட்டாள்தனத்தின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, இந்த ஆளை விடக்கூடாது என்று சத்தமாகச் சொன்னேன். வாட்ச்மேன் எனக்கு மனநோய்ப் பிரிவுக்கு வழி காட்டினார்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. உலகத்தில் அதிகம் பேர் எடுத்துச் சொல்லும் ஆராய்ச்சியாளர்களில் ஒருவராம், அவருடைய நண்பர்கள் சேர்ந்து மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அனைவரும் வருக என்று போட்டோவோடு நோட்டீஸ் மகளின் போனுக்கு வந்தது. அனைவரும் என்றால் நாங்களும்தானே.

கார்கானா கார்கானாவாக மறுபடியும் போனேன். இந்தத் தடவை காதோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னதும் முதலில் அடித்தார்கள், அப்புறம் வருகிறோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்தோம். எல்லார் பையிலும் பழைய ஹாத்மோஜா. ஜோடி முழுசாக எல்லாருக்கும் கிடைக்கவில்லை, சிலருக்கு ஒரு கைக்கு மட்டும். மாலை போட்டு, சால்வை போட்டு, அந்த எண்ணைச் சொன்னபோது நாங்களும் மாட்டிக்கொண்டு கைதட்டினோம். ரப்பர் கையால் தட்டினால் சத்தம் வேறு. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது மாதிரி பொதக் பொதக் என்றது. ஒற்றைக் கைக்காரர்கள் தொடையில் அடித்தார்கள். முன்வரிசைப் பட்டுப்புடவைகள் எல்லாம் திரும்பின. டாக்டர் எங்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து எனக்குப் பிரியாணி சாப்பிட்டது மாதிரி இருந்தது.

யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். நான் மேடை ஏறிவிட்டேன். மைக்கைப் பிடித்து, கேட்டது நான்தான் என்று தொடங்கி, அரிப்பு, உறை, செருப்பைத் தேடியவர், காக்கா முதுகில் வைத்தது, தலைக்கு மேலே சொட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, நான் நன்றாகச் சொல்கிறேன். அதுதான் கேடு. மண்டபம் சிரித்தது. பட்டுப்புடவைகள் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தன. சிரிக்கச் சிரிக்க என் நாக்குக்குக் கொழுப்பு ஏறியது. கண் சிமிட்டிக்கூடக் காட்டினேன். கடைசியில் 'அதனால் அந்தக் கட்டுரை பொய்' என்று நான் சொன்னபோது, அதையும் ஜோக் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

டாக்டர் எழுந்து வந்து என் தோளில் கைபோட்டார். "நம்ம பாய் ரொம்ப ஹாஸ்யமாப் பேசுவார். இவர் மாதிரி ஃபீல்டு ஆள் இல்லேன்னா இந்த ரிசர்ச்சே இல்ல" என்றார். தன் சால்வையை எனக்குப் போட்டுவிட்டார். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன். பழிவாங்கப் போனவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரே போட்டோ அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே நடைபாதையில் காக்கா ஹாத்மோஜாவைக் கழற்றி உதறினார்.

"கொன்னுட்டு வருவேன்னு போன. கச்சேரி பண்ணிட்டு வந்துருக்க."

அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள், "வாப்பா, வாயால பேசினா அவங்களுக்குக் கணக்கே இல்ல. எழுதணும். அந்த ஜர்னலுக்கே எழுதணும். ஏக் பி ஜோக் நஹி."

ஜோக் இல்லாமல் ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொன்னது என் வாழ்க்கையில் அந்தக் கடிதம்தான். மூன்று ஞாயிறு ஆனது. நான் சொல்லச் சொல்ல அவள் வெட்டினாள். செருப்பு போனது. கண் சிமிட்டல் போனது. மூதி போனது. மிஞ்சியது: கேள்வி கேட்டவன் நான், எனக்கு அந்தச் சொல் தெரியாது, வேறு பொருளில் கேட்டேன், பதில் சொன்னவர்கள் அப்போது கையுறை போட்டிருந்தார்கள், ஆராய்ச்சி செய்தவர் அதைக் கண்ணால் பார்த்தார். கூடவே கார்கானாவில் அந்த நாளில் எடுத்த போட்டோவை வைத்தோம். அதில் டாக்டர் ஸ்டூலில், மேலே ஹாத்மோஜா. கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தைப் போட்டு முடிக்க எனக்கு நேரம் ஆகும். அன்று வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் போட்டேன்.

அந்தப் பத்திரிகைக்காரர்கள் கடிதத்தை டாக்டருக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் போனை ஒரு தடவைகூட எடுக்காதவர் தானாக போன் பண்ணினார்.

"பாய், கார்கானாவுக்கு ரெண்டு பெட்டி நல்ல கிளவுஸ் அனுப்பறேன். உங்க அண்ணாவுக்கு ஆயின்மென்ட்டும் தரேன். அந்த லெட்டரை வாபஸ் வாங்கிண்டுடுங்கோ."

"அனுப்புங்க டாக்டர் சாப்."

"வாபஸ்?"

"பெட்டி வரட்டும்."

"பாருங்கோ, இது அச்சுல வந்தா அசட்டுத்தனம் உங்களோடதுன்னுதான் வரும். ஊரெல்லாம் உங்களைத்தான் சிரிக்கும்."

"என்னையச் சிரிக்கதுக்கு ஊரு அச்சு வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கலயே டாக்டர் சாப்."

பெட்டி வந்தது. பிரித்து எல்லாருக்கும் கொடுத்தோம். கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. நம்பிக்கைத் துரோகம் என்று மெசேஜ் அனுப்பினார். மகள் வாசித்துக் காட்டினாள், திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பல மாதம் கழித்துத் திருத்தம் வந்தது. ரொம்பச் சின்னது. மகள் வாசித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"என்ன போட்டிருக்கான்? சொல்லு."

"வேணாம் வாப்பா."

"சொல்லுன்னா சொல்லு."

"பயிற்சி இல்லாத, படிப்பறிவு இல்லாத உள்ளூர் ஆள் ஒருத்தரு கேள்விய மாத்திக் கேட்டதால, அஞ்சாவது கேள்வியோட முடிவ யாரும் எடுத்துக்க வேணாமாம்."

டாக்டர் தலைக்கு மேலே பார்த்தது அதில் இல்லை. போட்டோ இல்லை. என் பெயரும் இல்லை. ஆனால் அந்த வரி செத்தது, அச்சில் செத்தது. அதைப் பெரிசாகப் பிரிண்ட் எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தேன். வாங்கும் கம்பெனிக்கும் மகள் அனுப்பிவிட்டாள் என்று சொன்ன பிறகுதான் அவர் கண்ணாடியைத் தேடினார். அடுத்த வாரம் ஹாத்மோஜா வந்தது. காக்கா மாட்டிக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தார். அன்று மத்தியானம் அவர் டப்பாவிலிருந்த மீனில் பாதியை என் பக்கம் தள்ளினார். அவர் அகராதியில் அது மன்னிப்பு.

இதோடு முடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்து பார்க்கச் சொன்னேன். டாக்டரின் எண் கூடியிருந்தது! அந்தத் திருத்தத்தையும் அவர் எழுதியவற்றின் வரிசையில் சேர்த்திருந்தார்கள். என் முட்டாள்தனத்தால் அவருக்கு ஒரு கட்டுரை, நான் அதை ஒப்புக்கொண்டதால் இன்னொரு கட்டுரை. பழைய தப்பை எடுத்துச் சொல்ல இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். திருத்தத்தை எடுத்துச் சொல்ல ஒருத்தரும் வரவில்லை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மகளிடம், எடுத்துச் சொன்ன அத்தனை பேர் விலாசத்தையும் எழுதித் தரச் சொன்னேன். அவரை நேராக அடிக்க முடியாது. அவர் உட்கார்ந்திருக்கும் அந்த எண்ணின் ஒவ்வொரு செங்கலாக உருவலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆள். ஒரு ஆளுக்கு ஒரு கடிதம், கூடவே திருத்தம், கூடவே அந்தப் போட்டோ. இதுவரை மூன்று பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர் நன்றி சொல்லி, அடுத்த பதிப்பில் நீக்கிவிடுகிறேன் என்றிருக்கிறார். மற்ற இரண்டு பேரும் போட்டோவை நாங்கள் போடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாகப் போடுங்கள், டாக்டர் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

இந்த வாரம் அந்தக் குளிர் நாட்டுக்காரர் முறை. எங்கள் கலாச்சாரத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவர். அவருக்கு என்று தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன். சொல்லச் சொல்ல மகள் தட்டிக்கொண்டே வந்தாள்.

"முடிஞ்சுதா வாப்பா?"

"கடைசில 'நாசமாப் போவ'ன்னு போடு."

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தட்டினாள்.

"'யுவர்ஸ் சின்சியர்லி'ன்னு போட்டிருக்கேன்."

"அதுக்கு அதான் அர்த்தமா?"

"பக்கா அதான்."

"அப்போ ரெண்டு தடவ போடு."